முரளிக்குப் பின்னால் யார்? இலங்கையின் பத்து சுழற்பந்து வீச்சாளர்கள்: ஒரு தரவரிசை

பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று ஊவாவின் எந்தத் தோட்டத்திலும் கிரிக்கெட் பேச்சு எடுத்தால் முதலாமிடம் யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. அது முத்தையா முரளிதரனுக்கு எழுதி வைத்த இடம். இரண்டாமிடத்தில்தான் வாக்குவாதம் தொடங்கும். மூத்தவர்கள் சனத் என்பார்கள். எண்ணிக்கை தெரிந்தவர்கள் ஹேரத் என்பார்கள். இருபது ஓவர் கிரிக்கெட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஹசரங்கவைத் தவிர வேறு பெயர் தெரியாது.

அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் தங்கள் அணிக்கு ஆடிய 'குவார்ட்டர்பேக்'குகளை வரிசைப்படுத்தி வருடக்கணக்கில் சண்டை பிடிப்பார்கள். ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பவர் அந்த இடத்தில் நிற்பவர் என்பதுதான் காரணம். பிரேசில் ரசிகர்கள் பத்தாம் இலக்கச் சட்டை அணிந்தவர்களைப் பற்றி அப்படிப் பேசுவார்கள். இலங்கைக் கிரிக்கெட்டில் அந்த இடம் சுழற்பந்து வீச்சாளருக்கு உரியது. 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டியின் 50 ஓவர்களில் 37 ஓவர்களை இலங்கையின் சுழற்பந்து வீச்சாளர்களே வீசினார்கள். விழுந்த 7 அவுஸ்திரேலிய விக்கெட்டுகளில் 6 அவர்களுக்குக் கிடைத்தன. அதற்குப் பிறகு இலங்கை பெற்ற பெரிய டெஸ்ட் வெற்றிகள் பலவற்றுக்குப் பின்னாலும் ஒரு சுழற்பந்து வீச்சாளரின் விரல்களோ மணிக்கட்டோ இருந்திருக்கின்றன.

1982இல் இலங்கை டெஸ்ட் அந்தஸ்தோடு ஆடத் தொடங்கியதிலிருந்து இன்று வரையான சுழற்பந்து வீச்சாளர்களில் பத்துப் பேரை இந்தக் கட்டுரை வரிசைப்படுத்துகிறது. மலையகத்தில் இந்தப் பட்டியல் வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கான காரணத்தைக் கடைசிப் பகுதியில் பார்க்கலாம்.

எப்படி வரிசைப்படுத்தினோம்?

நான்கு அளவுகோல்கள். முதலாவது, டெஸ்ட் போட்டிகளுக்கு அதிக எடை. ஐந்து நாள் ஆட்டத்தில் இருபது விக்கெட் எடுக்காமல் வெல்ல முடியாது. அந்த விக்கெட்டுகளை எடுத்துத் தந்தவருக்கே முன்னிடம். இரண்டாவது, அணி வென்ற போட்டிகளில் அவருடைய பங்கு. மூன்றாவது, எவ்வளவு காலம் நிலைத்து நின்றார் என்பது. ஒரு வருடம் மின்னிவிட்டு மறைந்தவரையும் பதினைந்து வருடம் சுமந்தவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நான்காவது, ஒருநாள், இருபது ஓவர் போட்டிகளின் சாதனை. துடுப்பாட்டம், களத்தடுப்பு, தலைமைத்துவம் ஆகியவை கணக்கில் இல்லை. இருவர் சமநிலையில் நிற்கும்போது மட்டும் அவற்றைப் பார்த்தோம்.

வரிசையைக் கீழிருந்து மேலாகத் தருகிறோம்.

10. உபுல் சந்தன

மணிக்கட்டால் சுழற்றும் லெக் ஸ்பின்னர். 16 டெஸ்ட்களில் 37 விக்கெட், 147 ஒருநாள் போட்டிகளில் 151 விக்கெட். முரளி விளையாடிய அதே காலத்தில் பிறந்ததுதான் இவருடைய பெரிய துரதிர்ஷ்டம். அணிக்கு இரண்டாவது சுழற்பந்து வீச்சாளர் தேவைப்பட்ட நாட்களில் மட்டுமே டெஸ்ட் வாய்ப்புக் கிடைத்தது. 2004 ஜூலையில் முரளி அவுஸ்திரேலியப் பயணத்திற்குச் செல்லாதபோது, கெய்ர்ன்ஸ் மைதானத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து விக்கெட் வீதம் 10 விக்கெட் எடுத்தார். அவுஸ்திரேலிய மண்ணில் இலங்கையின் சுழற்பந்து வீச்சாளர்கள் பட்ட பாட்டை நினைத்தால் அதன் மதிப்புப் புரியும்.

9. குமார் தர்மசேன

31 டெஸ்ட்களில் 69 விக்கெட், 141 ஒருநாள் போட்டிகளில் 138 விக்கெட். பந்தை அதிகம் சுழற்றாத ஓஃப் ஸ்பின்னர். நேராக, வேகமாக, குறி தவறாமல் வீசி நடு ஓவர்களில் ஓட்டத்தைக் கட்டிப்போடுவார். 1996 உலகக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தவர். முரளியைப் போலவே இவருடைய பந்துவீச்சுப் பாணியும் சந்தேகத்துக்கு உள்ளாகி, பரிசோதனைக்குப் பிறகு மீண்டு வந்தார். 2015, 2019 உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளில் நடுவராக நின்றார். இறுதிப் போட்டியில் வீரராகவும் நடுவராகவும் பங்கேற்ற முதல் மனிதர் இவர். அந்தப் பெருமை இந்தத் தரவரிசைக்கு உதவாது. ஆனால் ஆட்டத்தைப் படித்து வைத்திருந்தவர் என்பதற்கு அது சான்று.

8. டி.எஸ். டி சில்வா

12 டெஸ்ட்களில் 37 விக்கெட். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இவருக்கு இந்தப் பட்டியலில் இடமே கிடைக்காது. ஆனால் 1982 பெப்ரவரியில் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்ட்டை ஆடியபோது சோமச்சந்திர டி சில்வாவுக்கு வயது 39. தன் சிறந்த காலத்தை டெஸ்ட் அந்தஸ்து இல்லாத நாட்டுக்காக வீசித் தீர்த்த லெக் ஸ்பின்னர் அவர். 1979 உலகக் கிண்ணத்தில் இந்தியாவை 47 ஓட்டங்களால் வென்ற அணியிலும் இருந்தார். முதல் டெஸ்ட்டுக்கு அடுத்த மாதமே பைசலாபாத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 59 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். டெஸ்ட் இன்னிங்ஸ் ஒன்றில் ஐந்து விக்கெட் எடுத்த முதல் இலங்கையர் என்ற பெயர் அவருக்குத்தான்.

1983இல் நியூசிலாந்தில் இரண்டு டெஸ்ட்களுக்கு அவர் தலைமை தாங்கினார். அந்தப் பயணத்தில் அவருடைய அணியில் ஸ்ரீதரன் ஜெகநாதன் என்ற இடது கைச் சுழற்பந்து வீச்சாளரும் இருந்தார். முரளிக்கு ஒன்பது வருடங்களுக்கு முன்னரே இலங்கை டெஸ்ட் அணியில் ஒரு தமிழ்ச் சுழற்பந்து வீச்சாளர் இருந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இரண்டு டெஸ்ட்களோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. 1996இல் காலமானார்.

7. அஜந்த மெண்டிஸ்

19 டெஸ்ட்களில் 70 விக்கெட், 87 ஒருநாள் போட்டிகளில் 152 விக்கெட், 39 இருபது ஓவர் போட்டிகளில் 66 விக்கெட். இலங்கை இராணுவ அணியிலிருந்து வந்தவர். நடுவிரலால் பந்தைச் சுண்டி விடும் 'கரம் பந்து' இவரோடு உலகப் புகழ் பெற்றது. 2008 ஜூலை 6ஆம் திகதி கராச்சியில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். எதிரணி இந்தியா. அதற்குப் பிறகு அதே இந்தியாவுக்கு எதிரான தன் முதல் டெஸ்ட் தொடரில் 26 விக்கெட். மூன்று போட்டிகள் கொண்ட அறிமுகத் தொடரில் அலெக் பெட்சர் வைத்திருந்த 24 விக்கெட் சாதனை அதோடு போனது.

பல்லேகலையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 16க்கு 6, ஹம்பாந்தோட்டையில் சிம்பாப்வேக்கு எதிராக 8க்கு 6. சர்வதேச இருபது ஓவர் போட்டிகளில் இரண்டு முறை ஆறு விக்கெட் எடுத்த முதல் பந்து வீச்சாளர். 2012 உலக இருபது ஓவர் இறுதியில் இலங்கை தோற்ற இரவிலும் 12 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் அவருடையது. பிறகு ஏன் ஏழாமிடம்? துடுப்பாட்ட வீரர்கள் அவருடைய விரல்களைப் படித்துவிட்டார்கள். புதிர் அவிழ்ந்த பிறகு அவரிடம் இரண்டாவது ஆயுதம் இருக்கவில்லை. அவருடைய உச்சம் முரளிக்கு அடுத்தது என்று சொன்னால் மறுக்க மாட்டோம். அந்த உச்சம் நீடிக்கவில்லை என்பதே குறை.

6. சனத் ஜயசூரிய

445 ஒருநாள் போட்டிகளில் 323 விக்கெட், 110 டெஸ்ட்களில் 98 விக்கெட். துடுப்பாட்ட வீரராகவே நினைவுகூரப்படுகிற மாத்தறைக்காரர். ஆனால் ஷேன் வோர்ன் ஒருநாள் போட்டிகளில் எடுத்தது 293 விக்கெட். சனத் அதைவிட 30 விக்கெட் அதிகம் எடுத்தவர் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். தட்டையாக, கால் குச்சியைக் குறிவைத்து, துடுப்பாட்ட வீரர் மூச்சு விடுவதற்குள் அடுத்த பந்து. 1993இல் மொரட்டுவையில் இங்கிலாந்துக்கு எதிராக 29 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்த காலத்தில் அவர் இன்னும் ஆரம்பத் துடுப்பாட்ட வீரராகப் பெயர் எடுத்திருக்கவில்லை. டெஸ்ட்டில் இரண்டாம் நிலைப் பந்து வீச்சாளராகவே இருந்ததால் இதற்கு மேல் ஏற்ற முடியவில்லை.

5. வனிந்து ஹசரங்க

காலியிலிருந்து வந்த லெக் ஸ்பின்னர். 2017இல் சிம்பாப்வேக்கு எதிரான முதல் ஒருநாள் போட்டியிலேயே ஹெட்ரிக். 2021 இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் 16 விக்கெட், 2022இல் 15 விக்கெட். இரண்டு தொடர்களிலும் அதிக விக்கெட் எடுத்தவர் அவரே. 2022 செப்டம்பரில் நாடு எரிபொருள் வரிசையிலும் மின்வெட்டிலும் நொந்து போயிருந்த நேரம் டுபாயில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. இறுதியில் ஒரே ஓவரில் மூன்று விக்கெட் வீழ்த்திப் பாகிஸ்தானின் துரத்தலை முடித்து வைத்தவர் ஹசரங்க. தொடரின் நாயகன் விருதும் அவருக்கே. 2023 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் அடுத்தடுத்து மூன்று போட்டிகளில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விக்கெட் எடுத்தார்.

இருபது ஓவர் போட்டிகளை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் இவர்தான் முதலிடம். ஆனால் டெஸ்ட் கணக்கு நான்கு போட்டிகள், நான்கு விக்கெட். 2023இல் டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வும் அறிவித்தார். டெஸ்ட்டுக்கு எடை கொடுக்கும் எங்கள் அளவுகோலின்படி ஐந்தாமிடம். அளவுகோலை மாற்றினால் இடமும் மாறும்.

4. டில்ருவன் பெரேரா

43 டெஸ்ட்களில் 161 விக்கெட். பாணந்துறைக்காரர். டெஸ்ட்டில் அறிமுகமாகும்போது வயது 31. பேட்டியில், விளம்பரத்தில், சுவரொட்டியில் எங்கும் காண முடியாத ஆள். ஆனால் 25 டெஸ்ட்களில் 100 விக்கெட் எடுத்து, இந்த எண்ணிக்கையை விரைவாக எட்டிய இலங்கையர் என்ற முரளியின் சாதனையை உடைத்தார். 2016 காலி டெஸ்ட்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 99 ஓட்டங்களுக்கு 10 விக்கெட்டும் அரைச் சதமும். 2018இல் அதே மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 78க்கு 10. ஹேரத்தின் மறுமுனையிலிருந்து வீசியதால் ஹேரத்தின் நிழலிலேயே நின்றார்.

3. பிரபாத் ஜயசூரிய

மாத்தளையில் பிறந்த இடது கைச் சுழற்பந்து வீச்சாளர். உள்ளூர்ப் போட்டிகளில் வருடக்கணக்கில் விக்கெட் எடுத்தும் 30 வயது வரை டெஸ்ட் அழைப்பு வரவில்லை. 2022 ஜூலையில் காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான இரண்டாவது டெஸ்ட்டுக்கு முன் அணியில் பலருக்குக் கொவிட் தொற்றியது. அப்படித்தான் கதவு திறந்தது. முதல் இன்னிங்ஸில் 118க்கு 6, இரண்டாவதில் 59க்கு 6. இலங்கை இன்னிங்ஸ் வெற்றி. அதற்கு முந்தைய வருடம் பல்லேகலையில் பிரவீன் ஜயவிக்ரம படைத்திருந்த சிறந்த அறிமுகப் பந்துவீச்சு என்ற இலங்கைச் சாதனை அந்தப் போட்டியோடு கைமாறியது.

2023 ஏப்ரலில் அயர்லாந்துக்கு எதிராகத் தன் ஏழாவது டெஸ்ட்டிலேயே 50 விக்கெட்டைத் தொட்டார். டெஸ்ட் வரலாற்றில் எந்தச் சுழற்பந்து வீச்சாளரும் இவ்வளவு விரைவாக அதை எட்டியதில்லை. எழுபது வருடத்துக்கு மேல் மேற்கிந்தியத் தீவுகளின் அல்ஃப் வலென்டைன் வைத்திருந்த சாதனை அது. காலி ஆடுகளம் இவருக்குச் சாதகம் என்ற விமர்சனம் உண்டு. அது பொய்யல்ல. வெளிநாட்டு மண்ணில் இன்னும் நிரூபிக்க வேண்டியது இருப்பதால் இரண்டாமிடத்துக்கு அருகில்கூட வைக்கவில்லை.

2. ரங்கன ஹேரத்

93 டெஸ்ட்களில் 433 விக்கெட். 34 முறை இன்னிங்ஸில் ஐந்து விக்கெட், 9 முறை போட்டியில் பத்து விக்கெட். டெஸ்ட் வரலாற்றில் இடது கைச் சுழற்பந்து வீச்சாளர் எவரும் இவ்வளவு விக்கெட் எடுத்ததில்லை.

குருணாகல் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். 1999இல் அறிமுகமாகி, பத்து வருடம் வருவதும் போவதுமாக இருந்தார். வங்கியில் வேலை. 2009 ஜூலையில் இங்கிலாந்தில் ஒரு கழகத்துக்காக ஆடிக்கொண்டிருந்தவரை முரளிக்குக் காயம் என்று அவசரமாக அழைத்தார்கள். காலியில் பாகிஸ்தான் வெற்றியின் விளிம்பில் நின்ற காலை நேரம் 15 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் எடுத்துப் போட்டியைத் திருப்பினார்.

முரளி ஓய்வு பெறும்போது ஹேரத்துக்கு 32 வயது. பொதுவாக வீரர்கள் வீட்டுக்குப் போகும் வயதில் இவர் கணக்கைத் தொடங்கினார். 433இல் 350க்கும் மேற்பட்ட விக்கெட்டுகள் அதற்குப் பிறகு வந்தவை. 2011 டிசம்பரில் டர்பனில் 9 விக்கெட் எடுத்து, தென்னாபிரிக்க மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றுத் தந்தார். 2014இல் சிட்டகொங்கில் நியூசிலாந்துக்கு எதிராக 3 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். அந்தப் போட்டியைத் தோற்றிருந்தால் இலங்கை அந்த உலக இருபது ஓவர் கிண்ணத்தை வென்றிருக்காது. 2016இல் அவுஸ்திரேலியாவை 3-0 என்று துடைத்தெடுத்த தொடரில் 28 விக்கெட்டும் ஒரு ஹெட்ரிக்கும். 2017இல் அபுதாபியில் 136 ஓட்டங்களே இலக்கு என்ற நிலையில் பாகிஸ்தானை 21 ஓட்டங்களால் வீழ்த்தினார். 400ஆவது விக்கெட்டும் அன்றுதான்.

இரண்டாமிடம் பற்றிய வாக்குவாதத்துக்கு எங்கள் பதில் இதுதான். முரளி இருந்த அணியில் முரளிக்குத் துணை நின்றவர்கள் பலர். முரளி இல்லாத அணியை எட்டு வருடம் தனியாகச் சுமந்தவர் ஹேரத் ஒருவரே.

1. முத்தையா முரளிதரன்

133 டெஸ்ட்களில் 800 விக்கெட், சராசரி 22.72. 67 முறை இன்னிங்ஸில் ஐந்து விக்கெட், 22 முறை போட்டியில் பத்து விக்கெட். ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட். இரண்டு வடிவங்களிலும் உலகில் முதலிடம்.

1992 ஓகஸ்ட்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் கெத்தாராம மைதானத்தில் தொடங்கியவர். 1998இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 16 விக்கெட். அந்தப் போட்டியில் நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க, முரளிக்கு இரண்டு இன்னிங்ஸுக்கும் இடையில் ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இங்கிலாந்தை முதலில் ஆட விட்டார். ஒரு பந்து வீச்சாளரின் தோளை வைத்து நாடொன்று திட்டம் போட்டது. திட்டம் பலித்தது. 2002இல் கண்டியில் சிம்பாப்வேக்கு எதிராக 51க்கு 9. 2007 டிசம்பரில் அதே அஸ்கிரிய மைதானத்தில் பால் கொலிங்வூட்டின் குச்சியைச் சாய்த்து வோர்னின் 708ஐத் தாண்டினார். 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில், டெஸ்ட் வாழ்க்கையின் கடைசிப் பந்தில், பிரக்யான் ஓஜாவின் துடுப்பில் பட்ட பந்தை மஹேல ஜயவர்தன பிடித்தார். அது 800ஆவது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 493 விக்கெட்டுகள் சொந்த மண்ணில் எடுத்தவை. அவுஸ்திரேலியாவில் 5 டெஸ்ட்களில் 12 விக்கெட் மட்டுமே, சராசரி 75. இந்தியாவில் 11 டெஸ்ட்களில் 40 விக்கெட், சராசரி 45. வோர்னோடு ஒப்பிடுகிறவர்கள் இதைத்தான் எடுத்து வைப்பார்கள். இலங்கைக்குள் நடக்கும் ஒப்பீட்டில் இது எதையும் மாற்றாது. இரண்டாமிடத்தில் இருப்பவருக்கும் இவருக்கும் இடையே 367 விக்கெட் இடைவெளி.

பந்துவீச்சுப் பாணி குறித்த சர்ச்சையும் இந்தக் கதையின் பகுதி. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில் டாரல் ஹெயர் அவருக்குத் திரும்பத் திரும்ப 'நோ போல்' அறிவித்தார். சில நாட்களில் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சனும் அதையே செய்தார். 1999இல் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் கை நீட்டியபோது ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நீளாது. பந்தை வீசும்போது கண்ணுக்குத் தெரிவதும் உண்மையில் நடப்பதும் வேறு என்று பரிசோதனைகள் காட்டின. முழங்கையைப் 15 பாகை வரை நீட்டலாம் என்ற பொது விதி 2005இல் வந்தது. உலகின் பல பந்து வீச்சாளர்களும் சிறிதளவு கையை நீட்டவே செய்கிறார்கள் என்று அளவீடுகளில் தெரியவந்ததே அதற்குக் காரணம்.

பட்டியலுக்கு வெளியே

மஹீஷ் தீக்ஷணவும், 2024இல் கொழும்பில் இந்தியாவுக்கு எதிராக 33க்கு 6 எடுத்த ஜெஃப்ரி வண்டர்சேயும் மயிரிழையில் தவறியவர்கள். தீக்ஷண இன்னும் ஆடுகிறார் என்பதால் அவருடைய இடம் மாறலாம். மகளிர் அணிக்குத் தனிப் பட்டியல் போட வேண்டும். அதில் முதற்பெயர் ஷஷிகலா சிறிவர்தன. ஒருநாள் போட்டிகளில் 100 விக்கெட்டைத் தாண்டிய முதல் இலங்கை வீராங்கனையான அவரும் ஓஃப் ஸ்பின்னர்தான். அடுத்து இடது கைச் சுழற்பந்து வீச்சாளர் இனோகா ரணவீர.

பதுளைக்கு இந்தப் பட்டியல் சொல்வது

முரளியின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பிற்காலத்தில் மகள்மாரோடு திருச்சிக்குத் திரும்பிவிட்டார். முரளியின் தந்தை முத்தையா உள்ளிட்ட மகன்மார் இங்கே தங்கினார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் ஊவாவின் எத்தனை குடும்பங்களை இப்படி இரண்டாகப் பிரித்தன என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பாதி கப்பலேறியது, ஒரு பாதி லயத்திலேயே நின்றது. அதனால்தான் முரளியின் 800 விக்கெட்டுகளைத் தங்களுடையவை என்று தோட்டத்து மக்கள் எண்ணுகிறார்கள்.

அவருடைய அரசியல் கருத்துகள் தமிழரிடையே பிளவை உண்டாக்கியதும் உண்மை. 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷவை ஆதரித்தார். 2020இல் அவருடைய வாழ்க்கைப் படத்தில் நடிப்பதற்கு எழுந்த எதிர்ப்பால் நடிகர் விஜய் சேதுபதி விலகினார். அந்தக் கணக்கை வாசகர்கள் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். இந்தத் தரவரிசை பந்து வீச்சுக்கானது.

ஆனால் ஒரு கேள்வியை ஒதுக்க முடியாது. மலையகப் பின்னணியிலிருந்து டெஸ்ட் அணியில் நிலைத்தவர் என்று நாம் சொல்வது இன்றும் அந்த ஒரே பெயரைத்தான். அவர் அறிமுகமாகி முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அடுத்தவர் ஏன் வரவில்லை?

முரளி வந்த பாதையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அவருடைய தந்தை கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். ஒன்பது வயதில் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரிக்கு முரளியை அனுப்ப முடிந்தது. அங்கே லெதர் பந்து இருந்தது, மைதானம் இருந்தது. முதலில் மிதவேகப் பந்து வீச்சாளராக இருந்த சிறுவனைப் பதினான்கு வயதில் ஓஃப் ஸ்பின் பக்கம் திருப்பிவிடப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ இருந்தார். பிறகு கொழும்பில் தமிழ் யூனியன் கழகம். அடுத்தடுத்த படிகள் எல்லாம் சரியாக இருந்தன.

நமூனுகல சரிவிலோ மடுல்சீமையிலோ படிக்கும் பிள்ளைக்கு முதற்படியே இல்லை. மலையில் சமநிலம் என்று ஒன்று கிடைத்தால் அதில் தொழிற்சாலை இருக்கும், அல்லது தேயிலை இருக்கும். தோட்டப் பாடசாலைகள் பல, ஒரு ஆடுகளத்தின் 22 யார் நீளத்துக்கே இடமில்லாத முற்றங்களோடு இயங்குகின்றன. தீபாவளி, பொங்கல் விடுமுறைகளில் நடக்கும் தோட்டச் சுற்றுப்போட்டிகள் டென்னிஸ் பந்தில் நடக்கின்றன. அதில் திறமை வெளிப்படும். ஆனால் தையல் இல்லாத டென்னிஸ் பந்தில் பழகிய விரலுக்கு லெதர் பந்தின் தையலைப் பிடித்துச் சுழற்றுவது புதிய பாடம். அந்தப் பாடத்தைப் பதினாறு, பதினேழு வயதில் தொடங்கினால் காலம் கடந்திருக்கும். காலுறை, கையுறை, தலைக்கவசம், துடுப்பு என்று கணக்குப் பார்த்தால் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் நாட்சம்பளத்தில் எட்டாது.

மாகாணத்தின் பெயர் மட்டும் ஒருமுறை கிரிக்கெட்டில் மின்னியது. 2012 ஸ்ரீலங்கா பிரீமியர் லீக்கை வென்றது 'ஊவா நெக்ஸ்ட்' அணி. அந்தத் தொடரின் போட்டிகள் அனைத்தும் கொழும்பிலும் பல்லேகலையிலும் நடந்தன. பதுளை வின்சென்ட் டயஸ் மைதானம் அந்த அணியைக் காணவே இல்லை. சர்வதேசப் போட்டி எதுவும் ஊவா மண்ணில் இதுவரை நடந்ததில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க யாழ்ப்பாணம் இருக்கிறது. லெக் ஸ்பின்னர் விஜயகாந்த் வியாஸ்காந்த் யாழ். மத்திய கல்லூரியிலிருந்து லங்கா பிரீமியர் லீக்கிற்குப் போனார். 2023 ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். களத்தில் இறங்கினார். போரால் சிதைந்த ஊரிலிருந்து அவர் வர முடிந்ததற்கு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக 'வடக்கின் பெரும் சமர்' ஆடிவரும் பாடசாலைகளின் லெதர் பந்துப் பழக்கம் முக்கிய காரணம்.

மேலே உள்ள பத்துப் பேரின் பட்டியலில் மலையகத்துக்குப் பயன்படும் தகவல்கள் உண்டு. ஹேரத் ஒரு கிராமத்துப் பிள்ளை. பிரபாத் மாத்தளையில் பிறந்தவர். மெண்டிஸை வளர்த்தது இராணுவ அணி. டில்ருவனும் பிரபாத்தும் முப்பதுக்குப் பிறகே டெஸ்ட் தொப்பி அணிந்தார்கள். சுழற்பந்து வீச்சுக்கு ஆறடி உயரமோ பெரிய உடற்கட்டோ தேவையில்லை. வேகப்பந்து வீச்சைப் போல இளமையிலேயே முடிந்து போவதும் இல்லை. வசதி குறைந்த இடத்திலிருந்து ஒரு பிள்ளை உயர வேண்டுமென்றால் கிரிக்கெட்டில் இதைவிடப் பொருத்தமான கலை வேறில்லை.

அதற்குத் தேவைப்படுவதும் அரங்கம் அல்ல. பதுளை, பசறை, பண்டாரவளை, ஹாலிஎல பகுதிகளில் தலா ஒரு தமிழ்ப் பாடசாலையைத் தெரிவு செய்து, ஒரு கொங்கிரீட் தளமும் அதன் மேல் விரிக்க ஒரு பாயும், சுற்றி ஒரு வலையும், வாரத்தில் இரண்டு நாள் வரும் ஒரு பயிற்றுநரும் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளைகள் லெதர் பந்தைத் தொடத் தொடங்குவார்கள். மாகாண விளையாட்டுத் திணைக்களத்திடமும், கல்வி வலயங்களிடமும், பெருந்தோட்டக் கம்பனிகளிடமும், தோட்டங்களில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடமும் இதைக் கேட்கலாம். பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டில் இருக்கும் பதுளைக்காரர்களும் ஒரு பாடசாலையில் தொடங்கிக் காட்டலாம்.

தரவரிசையின் முதலிரண்டு இடங்கள் நெடுங்காலம் மாறப்போவதில்லை. மூன்றாமிடத்திலிருந்து பத்து வரை எதுவும் மாறலாம். இருபது வருடம் கழித்து இதே பட்டியலை யாராவது திருத்தி எழுதும்போது, பிறந்த ஊர் என்ற இடத்தில் பதுளை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றின் பெயர் வருமா என்பது இப்போது பத்து வயதில் இருக்கும் பிள்ளைகளின் கையில் எந்தப் பந்து கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.